காருக்குள் பொத்தான்கள் ஏன் திரும்பி வருகின்றன?

ஐரோப்பாவில் புதிய கார்களைச் சோதித்துப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் அமைப்பு யூரோ என்கேப். 2026 ஜனவரி முதல் அதன் மதிப்பீட்டில் ஒரு புதிய நிபந்தனை சேர்ந்திருக்கிறது. இண்டிகேட்டர், அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் விரலால் தடவி உணரக்கூடிய தனிப் பொத்தானோ தண்டோ இருக்க வேண்டும். அவற்றைத் தொடுதிரைக்குள் புதைத்துவிட்ட கார் முழு மதிப்பெண் பெற முடியாது. இதற்கு முந்தைய ஆண்டே ஃபோக்ஸ்வாகனின் வடிவமைப்புத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மிண்ட், ஒலியளவு, இரு பக்க வெப்பநிலை, விசிறி, அபாய விளக்கு ஆகியவற்றுக்கு இனி வரும் கார்களில் நிஜப் பொத்தான்கள் இருக்கும் என்று அறிவித்திருந்தார்.

பெரிய திரைதான் நவீனக் காரின் அடையாளம் என்று பத்தாண்டுகளாக விளம்பரங்களில் பார்த்துவந்தவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். தொழில்நுட்பம் பின்னோக்கிப் போகிறதா? பொத்தான் மீதுள்ள பழைய பாசமா? இரண்டும் இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் மனிதரைக் கவனித்து அளந்தபோது கிடைத்த விடை இது. வருத்தம் என்னவென்றால், அந்த அளவீட்டைப் பெரும்பாலோர் திரையைப் பொருத்திய பிறகே செய்தார்கள்.

முதலில் மூன்று சொற்கள்

1. இடைமுகம்: மனிதரும் கருவியும் சந்திக்கும் இடம். கதவின் கைப்பிடி, மிக்ஸியின் திருகு, ஏடிஎம் திரை, காரின் ஸ்டீயரிங் எல்லாமே இடைமுகங்கள்தான்.

2. செயல்பாட்டு இடைமுகம்: ஒரு வேலையை முடிக்க உதவுவதையே முதல் கடமையாகக் கொண்ட இடைமுகம். அது அழகாக இருப்பதில் தவறில்லை. ஆனால் அதன் தரத்தை நிர்ணயிக்கும் கேள்விகள் வேறு. வேலை முடிந்ததா? எவ்வளவு நேரம் ஆனது? எத்தனை பிழை நேர்ந்தது? வாகனம் என்றால் நான்காவது கேள்வியும் உண்டு: அந்த நேரம் முழுவதும் கண் எங்கே இருந்தது?

3. பயனர் ஆய்வு: வேலையைச் செய்யப் போகிறவர்களை, அவர்கள் அதைச் செய்யும் சூழலிலேயே வைத்துக் கவனித்து, அளந்து, கிடைத்ததைக் கொண்டு வடிவத்தை முடிவு செய்வது.

மூன்றாவதைச் சந்தை ஆய்வோடு பலர் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மக்கள் எதை விரும்பி வாங்குவார்கள் என்று சந்தை ஆய்வு கேட்கிறது. ஷோரூமில் நிற்கும் காரில் உட்கார்ந்து, பளபளக்கும் திரையைத் தடவிப் பார்ப்பவர் “பிடித்திருக்கிறது” என்று சொல்வது முழு உண்மை. ஆனால் அது நிற்கும் காரைப் பற்றிய விடை. மழையில், இரவில், எதிரே லாரி வரும்போது கண்ணாடியில் படிந்த ஆவியை எப்படி அகற்றுவார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

தொலைபேசிக்காரர்கள் செய்து காட்டியது

இந்த வேறுபாட்டை வெகு காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடமான பெல் ஆய்வகத்தினர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த உளவியலாளர் ஜான் கார்லின் 1945இல் அங்கே சேர்ந்தார். பொறியாளர்கள் நிறைந்த இடத்தில் தொலைபேசியைப் பயன்படுத்தும் மனிதரை ஆராய்வதே அவருடைய வேலை. இரண்டு ஆண்டுகளில் அதற்கென்றே தனித் துறை உருவானது.

சுழற்றும் டயல் கொண்ட தொலைபேசியில் எண்கள் முதலில் விரல் நுழையும் துளைகளுக்குள் இருந்தன. பின்னர் பார்வைக்கு எளிதாக இருக்கட்டும் என்று அவற்றை வட்டத்துக்கு வெளியே நகர்த்தினார்கள். எண்கள் நன்றாகத் தெரிந்தன. ஆனால் மக்கள் டயல் செய்யும் வேகம் குறைந்துவிட்டது. விரல் குறிவைக்க ஓர் இலக்கு இல்லாமல் போனதுதான் காரணம் என்று கார்லின் கண்டார். ஒவ்வொரு துளையின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கச் சொன்னார். வேகம் மீண்டது. “உங்களுக்கு அங்கே ஒரு புள்ளி வேண்டுமா?” என்று யாரையும் கேட்டு இந்த விடையைப் பெற்றிருக்க முடியாது.

இன்னொன்று ரிசீவர் வடத்தின் நீளம். சுமார் 3 அடி நீள வடத்தைக் குறைத்தால் செம்பு மிச்சமாகும். பயன்படுத்துவோர் பொறுத்துக்கொள்வார்களா என்று அறிய, கார்லினின் குழு சக ஊழியர்களின் தொலைபேசி வடத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை அவர்களுக்குத் தெரியாமல் ஓர் அங்குலம் வெட்டிக்கொண்டே வந்தது. ஓர் அடி குறையும் வரை யாரும் கவனிக்கவில்லை. “வடத்தைக் குறைக்கலாமா?” என்று முன்கூட்டிக் கேட்டிருந்தால் பெரும்பாலோர் மறுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். (இன்று ஒருவரிடம் சொல்லாமல் அவர்மீது சோதனை நடத்துவதை ஆய்வு நெறிகள் அனுமதிப்பதில்லை, அந்த நெறிகள் சரியானவையும்கூட.)

மிகப் பெரிய வேலை அதன் பிறகு வந்தது. சுழலும் டயலுக்குப் பதில் அழுத்தும் பொத்தான்கள் வரப்போகின்றன. பத்து எண்களை எப்படி அடுக்குவது? 1955இல் மேரி லுட்ஸ், அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் இருவரும், எந்த எண் எங்கே இருக்கும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். கணக்கிடும் இயந்திரங்களில் 7, 8, 9 மேல் வரிசையில் இருந்தது உண்மைதான். ஆனால் பெரும்பாலான மக்கள் எதிர்பார்த்தது, படிக்கும் வரிசையில் மேலே 1, 2, 3. அடுத்து பெல் ஆய்வகத்தின் டெய்னிங்கர் 1960இல் விரிவான சோதனை முடிவுகளை வெளியிட்டார். பதினைந்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் சோதிக்கப்பட்டன. வட்டமாக, இரண்டு வரிசையாக, இரண்டு நிரலாக, மூன்றுக்கு மூன்று கட்டமாக. எண்ணை அழுத்தி முடிக்க ஆன நேரம், பிழை, விருப்பம் மூன்றும் பதிவாயின. பொத்தானின் அளவு, அழுத்தத் தேவைப்படும் விசை, அது எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதுவரை தனித்தனியாகச் சோதித்தார்கள்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது பலரும் சொல்லாத ஒரு முடிவு. முன்னணியில் இருந்த அமைப்புகளுக்கு இடையே வேக வேறுபாடு மிகச் சிறியது. அதாவது எந்த இடத்தில் வடிவம் மனிதரைப் பாதிக்கிறது என்பதை மட்டுமல்ல, எந்த இடத்தில் பாதிக்கவில்லை என்பதையும் ஆய்வு காட்டியது. பாதிக்காத இடத்தில் பொறியாளர்கள் செலவையும் இடவசதியையும் பார்த்துத் தாராளமாகத் தேர்ந்துகொள்ளலாம். கட்ட அமைப்பு கச்சிதமானது என்பதும் அதற்குச் சாதகமாயிற்று. 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஊர்களில் பொத்தான் தொலைபேசி சேவைக்கு வந்தது. இன்று நம் செல்பேசியில் எண்ணை அழுத்த வரும் திரையில் இருப்பது அதே அடுக்குதான்.

சிங்கப்பூர் அருகே ஒரு போர்க்கப்பல்

ஆய்வு முன்னால் வராமல் பின்னால் வந்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மக்கெய்ன் கப்பலைப் பார்க்கலாம். இந்த நாசகாரிக் கப்பலில் சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரைகள் வழியாகக் கட்டுப்படுத்தும் புதிய அமைப்பு பொருத்தப்பட்டிருந்தது.

2017 ஆகஸ்ட் 21 அதிகாலை, கப்பல் உலகின் மிக நெரிசலான கடல்வழிகளில் ஒன்றான சிங்கப்பூர் நீரிணையை நெருங்கியது. நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் திரையின் பங்கு புரியும்.

1. சுக்கான் பிடித்த மாலுமி, திசையையும் வேகத்தையும் ஒருசேரக் கவனிக்கத் தடுமாறுவதைக் கப்பல் தலைவர் கண்டார். வேகக் கட்டுப்பாட்டை மட்டும் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு மாற்ற உத்தரவிட்டார். நல்ல நோக்கம்.

2. மாற்றும்போது வேகத்தோடு சுக்கானும் சேர்ந்து பக்கத்துத் திரைக்குப் போய்விட்டது. அறையில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. தன் சக்கரத்துக்குக் கப்பல் கட்டுப்படாததைக் கண்ட மாலுமி, சுக்கான் இயங்கவில்லை என்று அறிவித்தார். உண்மையில் சுக்கான் பழுதாகவே இல்லை. அதன் கட்டுப்பாடு ஓர் இருக்கை தள்ளி இருந்தது.

3. கணினி உதவி விலக்கப்பட்ட மாற்று முறையில் அமைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த முறையில் ஒரு திரை கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்காமலே இன்னொரு திரை அதை எடுத்துக்கொள்ள முடியும்.

4. வேகத்தைக் குறைக்க உத்தரவு வந்தது. கப்பலுக்கு இரண்டு புரொப்பல்லர் தண்டுகள். இரண்டின் வேகமும் சேர்ந்து மாற வேண்டுமென்றால் திரையில் அவை இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த இணைப்பு இல்லை. பக்கத்து இருக்கை மாலுமி குறைத்தது இடப்புறத் தண்டின் வேகத்தை மட்டுமே. இரண்டையும் குறைத்துவிட்டதாக அவர் நம்பினார். வலப்புறம் பழைய வேகத்தில் உந்த, கப்பல் இடப்பக்கம் திரும்பியது.

5. அதிகாலை 5.24 மணிக்கு லைபீரியக் கொடி தாங்கிய ஆல்னிக் என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, முதன்மைக் காரணமாகக் கடற்படையின் மேற்பார்வைக் குறைபாட்டையும், அதனால் விளைந்த போதாத பயிற்சியையும் வழிமுறைக் குறைகளையும் சொல்கிறது. மாலுமிகளின் தூக்கமின்மையும், சிலர் வேறு வகைச் சுக்கான் அமைப்பு கொண்ட இன்னொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள் என்பதும் பதிவாகியுள்ளன. ஆகவே திரை மட்டுமே குற்றவாளி என்று எழுதுவது நேர்மையாகாது. ஆனால் அதே அறிக்கை, தொடுதிரையை விட, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நிஜக் கைப்பிடி உடனுக்குடன் விரலுக்கு உணர்த்தும் என்பதையும் குறிப்பிட்டு, எதிர்கால அமைப்புகளில் மனிதரின் இயல்புக்கு ஏற்பக் கருவிகளை வடிவமைப்பதற்கான பொறியியல் தரநிலையைக் கடைப்பிடிக்குமாறு பரிந்துரைத்தது.

இரண்டு நிஜக் கைப்பிடிகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்று பின்னே, ஒன்று முன்னே நின்றிருக்கும். பிடித்திருப்பவரின் கை அதை உணரும். பின்னால் நிற்கும் அதிகாரியின் கண்ணும் அதைக் காணும். திரையில் அதே செய்தி எண்ணாகவும் பட்டையாகவும் இருந்தது. அதைத் தேடிப் படிக்க வேண்டும். கப்பல் தானாகத் திரும்புவதாக நம்பிப் பதறும் நேரத்தில் யாரும் தேடிப் படிப்பதில்லை.

விபத்துக்குப் பிறகு கடற்படை தன் கப்பல்களில் பணிபுரிவோரிடம் ஆய்வுகள் நடத்தியது. 2019 ஆகஸ்டில் ரியர் அட்மிரல் வில்லியம் கலினிஸ் அதன் முடிவை வெளிப்படையாகப் பேசினார். மாலுமிகளிடமிருந்து வந்த முதன்மையான கருத்து, நிஜக் கைப்பிடிகளைத் திருப்பிக் கொடுங்கள் என்பதே. முடியும் என்பதற்காகவே ஒன்றைச் செய்துவிடக் கூடாது என்றும், சுக்கான் கட்டுப்பாட்டை அளவுக்கு மீறிச் சிக்கலாக்கிவிட்டோம் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். அந்த வகைக் கப்பல்களில் கைப்பிடிகளை மீண்டும் பொருத்த முடிவானது.

அந்தக் கருத்தைச் சொன்னவர்கள் எங்கிருந்தோ வரவழைக்கப்பட்ட வல்லுநர்கள் இல்லை. தினமும் அந்தத் திரையின் முன் அமர்ந்த மாலுமிகள். திரையைப் பொருத்துவதற்கு முன்பே அவர்களை ஒரு மாதிரி அறையில் உட்காரவைத்து, “வேகத்தைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றுங்கள்” என்று சொல்லிப் பார்த்திருந்தால் தடுமாற்றம் அங்கேயே தெரிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

சாலையில் அளந்தபோது

காருக்கு வருவோம். 2022இல் ஸ்வீடனின் வி பிலாகரே என்ற வாகன இதழ் ஒரு விமான ஓடுதளத்தில் எளிய சோதனை ஒன்றை நடத்தியது. தொடுதிரை கொண்ட 11 புதிய கார்கள். ஒப்பிட, பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வோல்வோ வி70. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கைச் சூடு, வெப்பநிலை, ஆவி நீக்கி, குறிப்பிட்ட வானொலி அலைவரிசை, பயணக் கணக்கை அழிப்பது, கருவி விளக்கைக் குறைப்பது போன்ற வேலைகளை முடிக்க வேண்டும். ஓட்டுநர்களுக்குக் காரோடு பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரம் தரப்பட்டது.

பழைய வோல்வோவில் எல்லாம் 10 விநாடியில் முடிந்தன. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. மிக மோசமாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் ஏறத்தாழ 45 விநாடி ஆனது. தூரம் 1,372 மீட்டர். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் 30 விநாடி.

இந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிட்டார்கள். பட்டியலின் மறுமுனையையும் பார்க்க வேண்டும். தொடுதிரை கொண்ட டாசியா சான்டெரோவும் வோல்வோ சி40யும் 14 விநாடிக்குள் முடித்தன. ஆகவே திரை என்பதாலேயே ஒன்று கெட்டதாகிவிடுவதில்லை. எந்த வேலை எத்தனை தொடுதலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பதுதான் விநாடிகளைத் தீர்மானிக்கிறது.

விநாடி ஏன் இவ்வளவு முக்கியம்? அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலையிலிருந்து கண்ணை எடுக்கும் ஒரு பார்வை 2 விநாடியைத் தாண்டக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் 12 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடி என்பது 61 மீட்டர். பொத்தானைத் தேடும் விரல் தடவித் தடவிக் கண்டுபிடித்துவிடும். கண் சாலையிலேயே இருக்கலாம். வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு எந்தக் குறியும் கிடைக்காது. ஃபோக்ஸ்வாகனின் எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரிலும் ஐடி.3 காரிலும் வெப்பநிலையை மாற்றும் தொடுபட்டை, வெளிவந்த காலத்தில் இருட்டில் ஒளிரவே இல்லை. விரலுக்கும் குறி இல்லை, கண்ணுக்கும் குறி இல்லை. ஒரே ஓர் இரவுப் பயணத்தில் தெரிந்துவிடக்கூடிய குறை அது.

திரைகள் எப்படி ஜெயித்தன?

செலவுதான். ஒவ்வொரு பொத்தானுக்கும் அச்சு, கம்பி, இணைப்பு, சோதனை வேண்டும். திரைக்குள் ஒரு பொத்தான் சேர்க்க மென்பொருள் போதும். கார் விற்பனைக்கு வந்த பிறகும் மாற்றலாம். ஒரே திரையைப் பல மாடல்களில் பயன்படுத்தலாம். “பின்னர் சரிசெய்துகொள்ளலாம்” என்ற வசதியே ஆய்வை ஒத்திப்போடவும் தூண்டுகிறது.

நல்ல ஆய்வுக்கு என்ன வேண்டும்?

1. வேலையை முதலில் எழுத வேண்டும், திரையைப் பிறகு வரைய வேண்டும். எது அடிக்கடி தேவைப்படுகிறது, எது அவசரத்தில் தேவைப்படுகிறது என்று இரண்டு பட்டியல்கள் வேண்டும். அபாய விளக்கை ஆண்டில் சில முறைதான் அழுத்துவோம். அழுத்த வேண்டிய அந்தக் கணத்தில் தேட நேரம் இருக்காது. பயன்பாட்டு எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் அதை மெனுவுக்குள் தள்ளிவிடுவார்.

2. உண்மையான சூழல். இருட்டு, குலுங்கல், வெயிலின் பளபளப்பு, வியர்த்த விரல், களைப்பு. குளிரூட்டிய அறையில் மேசை மேல் வைத்துச் செய்த சோதனை இவற்றில் எதையும் காட்டாது.

3. எத்தனை பேர்? பயனர் ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லண்டாவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளை வெளிக்கொண்டுவருகிறார். ஐந்து பேரை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிவந்துவிடும். இதை “ஐந்து பேர் போதும்” என்று சுருக்கிச் சொல்வது ஆபத்து. அந்த ஐந்து, குறைகளைக் கண்டுபிடிக்க மட்டுமே. கண்டு, திருத்தி, மீண்டும் ஐந்து பேரிடம் போக வேண்டும். இரண்டு வடிவங்களில் எது வேகமானது என்று அளக்க இன்னும் பலர் வேண்டும். முதியவர், இளையவர், புதிதாக ஓட்டக் கற்றவர் என்று பயனர்கள் வேறுபட்டால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

4. வடிவமைத்தவர் அருகில் உட்கார்ந்து விளக்கக் கூடாது. அவர் வாய் திறந்த கணமே சோதனை முடிந்துவிட்டது.

5. பழுதான நிலையையும் சோதிக்க வேண்டும். மக்கெய்ன் கப்பலில் குழப்பம் வந்தது எல்லாம் சரியாக ஓடும் முறையில் இல்லை, மாற்று முறையில். திரை உறைந்துபோனால், கட்டுப்பாடு வேறு இடத்துக்குப் போனால், அது யாருக்கு எப்படித் தெரியும்?

6. முடிவை மாற்றும் அதிகாரம் ஆய்வுக்கு இருக்க வேண்டும். கார்லினின் வெள்ளைப் புள்ளி தயாரிப்புக்குப் போனது. அறிக்கையாக மட்டும் முடிந்திருந்தால் அதை இன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் வாங்குவோருக்கு

யூரோ என்கேப் சட்டம் இல்லை, மதிப்பீடுதான். அது ஐரோப்பியச் சந்தைக்கானது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் பெரியவர்கள், குழந்தைகள் ஆகியோரின் மோதல் பாதுகாப்பையும் பாதுகாப்புக் கருவிகளையும் மையமாகக் கொண்டது. ஆகவே நட்சத்திரங்களை வைத்து மட்டும் கட்டுப்பாடுகளின் எளிமையை அறிய முடியாது. அதை ஷோரூமில் வாங்குபவரே பார்த்துக்கொள்ளலாம். வண்டி நின்ற நிலையில், விற்பனையாளர் விளக்கம் தருவதற்கு முன்பே, இவ்வாறு செய்துபாருங்கள்:

1. எதிரே ஒரு புள்ளியைப் பார்த்தபடி, கண்ணைத் திருப்பாமல், முன்கண்ணாடியின் ஆவியை நீக்கும் பொத்தானை ஒரு கையால் கண்டுபிடியுங்கள்.

2. அதேபோல அபாய விளக்கு, வைப்பரின் வேகம், ஏசி விசிறி. ஒவ்வொன்றுக்கும் உடன் வந்தவர் விநாடி எண்ணட்டும். கண் திரைக்குப் போன ஒவ்வொரு முறையையும் அவரே குறித்துக்கொள்ளட்டும்.

3. பின்புறக் கேமராவோ வரைபடமோ திரையில் ஓடும்போது ஏசியைக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். சில கார்களில் ஒன்றை மூடினால்தான் இன்னொன்று கிடைக்கும்.

4. வீட்டில் அந்தக் காரை ஓட்டப்போகும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். கண்ணாடி அணிந்த அப்பாவுக்கு 12 விநாடி ஆகிறதென்றால், மகளுக்கு 4 விநாடியில் முடிவது அவருக்கு உதவாது.